கெடவரல்: அகராதிப் புளுகு ஆட்டத்தைத் தமிழில் ஆடுவது பற்றி

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. பொங்கல் விடுமுறைக்கு ஊரில் கூடிய ஒன்பது பேர், ஆங்கிலத்தில் பலரும் ஆடும் அகராதி விளையாட்டைத் தமிழில் ஆடிப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் அகராதியைத் திறந்து யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருள் எழுத, உண்மைப் பொருளையும் அவற்றோடு கலந்து வாசித்து, எது மெய் என்று கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். மூன்றாவது சுற்றிலேயே ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. பாதிப் பேர் சரியான விடையை முதலிலேயே ஊகித்துவிட்டார்கள், மீதிப் பேர் எதையோ சொல்லி வைத்தார்கள். இந்த விளையாட்டு தமிழுக்கு ஒத்துவராதா என்பது உங்கள் கேள்வி.

ஒத்துவரும். ஆனால் ஆங்கிலத்தில் ஆடும் அதே முறையில் ஆடினால் ஒத்துவராது. பல ஆண்டுகளாக உறவினர்களோடும் நண்பர்களோடும் இதை ஆடியும் ஆட்டுவித்தும் வருகிறேன். தொடக்கத்தில் எங்களுக்கும் உங்களுக்கு நேர்ந்ததே நேர்ந்தது. எங்கே இடறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஆட்டம் எந்த மண்ணில் வளர்ந்தது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இது ஆங்கிலம் பேசும் வீடுகளின் வரவேற்பறை விளையாட்டு. ஒரு தடித்த அகராதியும் சில காகிதத் துண்டுகளும் மட்டுமே தேவைப்பட்டதால் அதற்குத் தனிப் பெயர்கூட நிலைக்கவில்லை. சிலர் ‘டிக்‌ஷனரி’ என்றார்கள், சிலர் ‘ஃபிக்‌ஷனரி’ என்றார்கள். 1965-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ‘கால் மை பிளஃப்’ என்ற பெயரில் இதன் ஒரு வடிவத்தை ஒளிபரப்பியது; அங்கே அது சில மாதங்களே ஓடியது. அதே ஆண்டில் பி.பி.சி. அதை எடுத்துக்கொண்டது, பிரிட்டனில் அது பல ஆண்டுகள் நிலைத்தது. அங்கே அணிக்கு மூவர். ஓர் அணியின் மூவரும் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்களை ஆளுக்கொன்றாக விளக்குவார்கள். அவற்றில் ஒன்று மெய், இரண்டு புளுகு. எதிரணி மெய்யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் 1984-இல் கனடாவில் ‘பால்டர்டாஷ்’ என்ற பெயரில் இது பெட்டியில் அடைத்த பலகை விளையாட்டாகக் கடைக்கு வந்தது. வழக்கமான புள்ளிக் கணக்கு எளியது: மெய்ப்பொருளைக் கண்டுபிடித்தவருக்கு 2 புள்ளி, உங்கள் புளுகை நம்பி எத்தனை பேர் ஏமாறுகிறார்களோ, ஆளுக்கு 1 புள்ளி வீதம் உங்களுக்கு, யாருமே கண்டுபிடிக்காவிட்டால் சொல்லைக் கொடுத்தவருக்கு 3 புள்ளி. சொல்லைக் கொடுப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் மாறுவார். அவரை நாங்கள் அகராதிக்காரர் என்கிறோம்; இங்கும் அப்படியே சொல்கிறேன்.

இந்த ஆட்டம் ஆங்கிலத்தில் ஏன் தழைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கில அகராதியில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால், கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஸ்காட்லாந்து வழக்கிலிருந்தும் வந்து குடியேறிய சொற்கள் கிடைக்கும். அவற்றின் உருவத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லச் சாதாரண வாசகருக்கு வழியில்லை. அந்தச் சொல் ஒரு மூடிய பெட்டி. அதற்குள் எதையும் வைத்துக் காட்டலாம். தமிழ் அகராதியை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு திறந்தால் பெரும்பாலும் கிடைப்பது கூட்டுச் சொல்லோ, தெரிந்த வேரிலிருந்து கிளைத்த சொல்லோதான். நீங்கள் எடுத்ததாகச் சொல்லும் சொற்களையே பாருங்கள்: ‘நீர்நிலை’யில் ‘நீர்’ நிற்கிறது, ‘கடைகோல்’ கடைகிறது, ‘வழிச்செலவு’ வழியில் செல்கிறது. சொல் தன் பொருளைத் தானே உளறிவிடும்போது அதற்கு யார் பொய் சொல்ல முடியும்? வடமொழிச் சொற்களை எடுத்தால் வேறொரு சிக்கல். சமஸ்கிருதமோ இந்தியோ சற்றுத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவர் மட்டும் வென்றுகொண்டே போவார்.

இதிலிருந்து, முற்றிலும் அந்நியமாக ஒலிக்கும் சொற்களைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள், நானும் வந்தேன், அது தவறு. ஞமலி, ஞிமிறு, ஞெண்டு போன்ற சொற்களை வைத்து ஒரு மாலை முழுவதும் ஆடினோம். ஞகரத்தில் தொடங்கும் சொல்லைக் கேட்டதுமே எல்லாருக்கும் சங்க இலக்கிய நினைவு வந்து, ஏதாவது ஓர் உயிரினமாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சங்கடம் என்னவென்றால் அந்த ஊகம் பலமுறை சரியாகவே இருக்கிறது: ஞமலி நாய், ஞிமிறு வண்டு, ஞெண்டு நண்டு. அதற்கு மேல், எந்தப் பிடியும் இல்லாத சொல்லுக்குப் பொருள் புனைவதில் சுவையும் இல்லை. எழுதுபவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், வாக்களிப்பவருக்கும் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றாகிவிடுகிறது. அது குலுக்கல் சீட்டு.

தமிழில் இந்த ஆட்டத்துக்குத் தேவை தெரிந்தது போலத் தோன்றும் தெரியாத சொல். தலைப்பில் நான் வைத்திருக்கும் ‘கெடவரல்’ அப்படிப்பட்டது. கேட்டவுடன் கேடு வருவதாகத் தோன்றும். பஞ்சம், நோய், கெட்ட சகுனம் என்று எழுதுவார்கள். தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதி ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று சொல்கிறது. கெடவரல் என்றால் விளையாட்டு. பண்ணை என்றாலும் விளையாட்டு. கோழிப் பண்ணையும் பால் பண்ணையும் அறிந்த நமக்கு இரண்டாவது செய்தி முதலாவதைவிட வியப்பாக இருக்கும்.

உண்மையில் உரியியல் முழுவதும் இந்த ஆட்டத்துக்கென்றே தொகுத்து வைத்தது போல இருக்கிறது. ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன’ என்று தொடக்கத்திலேயே தொல்காப்பியர் சொல்லிவிடுகிறார்: எல்லாருக்கும் விளங்கும் சொற்களை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, விளங்காதவற்றுக்கே பொருள் சொல்லப் போகிறேன் என்பது அதன் கருத்து. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் அங்கே வருகின்றன. சும்மை என்றால் ஆரவாரம். இதைச் சும்மாவோடும் சுமையோடும் முடிச்சுப் போடாதவர் இல்லை. பையுள் என்றால் துன்பம். பையும் உள்ளும் சேர்ந்து எல்லாரையும் ஏதோ ஒரு கொள்கலத்துக்குள் இறக்கிவிடும். நம்பு என்பதற்கு விருப்பம் என்று பொருள். நாம் என்றால் அச்சம். புனிறு என்பது இப்போதுதான் ஈன்ற நிலை. அந்த இயலின் கடைசிப் பகுதியில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடாது என்பது அதன் பொருள். வேரைப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் நம் தமிழ்ப் பழக்கத்துக்கு அது ஓர் எச்சரிக்கை. அந்தப் பழக்கத்தை வைத்தே எதிராளியைக் கவிழ்ப்பதுதான் இந்த ஆட்டம்.

ஒரு சுற்றை முழுவதுமாகச் சொன்னால் விளங்கும். ஒருமுறை எங்கள் வீட்டில் ‘கூவல்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். ஆறு பேர் எழுதினார்கள். என் மைத்துனர் ‘தொலைவில் இருப்பவரை அழைக்கும் உரத்த குரல்’ என்று எழுதினார். அதற்கு ஒரு வாக்குகூட விழவில்லை; அவ்வளவு வெளிப்படையாக இருந்தால் அகராதிக்காரர் அந்தச் சொல்லை எடுத்திருக்கவே மாட்டார் என்று எல்லாரும் சரியாகக் கணக்குப் போட்டார்கள். அத்தை ‘சேவல் கூவுவதற்கு முந்திய இருட்டுப் பொழுது, வெளியூர்ப் பயணம் புறப்பட ஏற்ற வேளை’ என்று எழுதினார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகள் ‘ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் மழைநீர் வடிவதற்காகப் பதிக்கப்படும் வளைந்த தகடு’ என்று எழுதினாள். மற்ற மூன்றும் நினைவில் நிற்கும்படி இல்லை. மெய்ப்பொருள் கிணறு. அவள் எழுதிய தகட்டுக்கு மூன்று வாக்கு, அத்தையின் இருட்டுப் பொழுதுக்கு இரண்டு, கிணற்றுக்கு ஒன்றே ஒன்று.

அவள் வென்றதற்குக் காரணம் தற்செயல் அன்று. அத்தை சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி விலகினார். அது நல்ல உத்திதான், இரண்டு பேரை இழுத்தது. அவளோ கூவுவதை விட்டுவிட்டாள். ‘கூரை’ என்ற சொல்லின் முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யாரும் பெயர் தெரிந்து வைத்திருக்காத ஒரு பொருளுக்கு அதைப் பெயராகச் சூட்டினாள். அந்தத் தகட்டை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். அந்தப் பெயர் இதுவாக இருந்தால் என்ன என்ற சபலம் உடனே எழும். பெயர் இல்லாத, ஆனால் பெயர் இருந்தாக வேண்டிய பொருள்களை மனத்தில் சேர்த்து வைத்திருப்பவரே இந்த ஆட்டத்தில் நெடுங்காலம் வெல்கிறார். மாட்டின் கழுத்துமணிக்குள் தொங்கும் நாக்கு, குடத்தைச் சாய்க்கும்போது வரும் கடைசி ஒலி, திருவிழா முடிந்த மறுநாள் தெரு கிடக்கும் கோலம் என்று இதற்கு முடிவே இல்லை.

விடையைச் சொன்னபின் நான் ஐங்குறுநூற்றிலிருந்து கபிலரின் பாட்டொன்றைப் படித்துக் காட்டினேன். மணமாகிக் கணவன் ஊருக்குப் போய்வந்த தலைவி, நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய கிணற்றின் அடியில் விலங்குகள் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர் இனிது என்கிறாள். ‘உவலைக் கூவற் கீழ, மானுண்டு எஞ்சிய கலிழி நீரே’. வாக்குகளில் தோற்ற மைத்துனர் அந்த வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். இந்த ஆட்டத்தில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி தமிழுக்கு உண்டு என்றால் அது இதுதான்: நம் அரிய சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பாட்டின் வரியில் உயிரோடு இருக்கின்றன. எனவே அகராதிக்காரர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. அது வரும் ஓர் இடத்தையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இனி, உங்கள் ஆட்டம் தொய்ந்ததற்கு இரண்டாவது காரணம். அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறீர்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் துணைத் தொகுதியாகவும் வெளிவந்த அந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் எல்லாரும் அங்கேதான் போகிறோம். போக வேண்டியதும் அங்கேதான். ஆனால் அதன் தமிழ்ப் பொருள் விளக்கங்கள் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக இருக்கும். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நம் பழைய நிகண்டுகள், திவாகரம் முதல் சூடாமணி வரை, மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் இயற்றப்பட்டவை. யானைக்கு இத்தனை பெயர், காற்றுக்கு இத்தனை பெயர் என்று அடுக்குபவை. அகர வரிசையில் சொல்லைத் தேடும் வசதியே 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோதுதான் நன்கு அமைந்தது. அந்த நிகண்டுச் சொற்கள் லெக்சிகனுக்குள் வரும்போது ‘வங்கூழ்: காற்று’, ‘எண்கு: கரடி’, ‘உழுவை: புலி’ என்று ஒற்றைச் சொல்லோடுதான் வருகின்றன.

விளைவு என்ன? உங்கள் ஆட்களும் அதைப் பார்த்து ஒற்றைச் சொல்லாக எழுதத் தொடங்குகிறார்கள். காற்று, மலை, கரடி, கோபம், பாத்திரம் என்று ஐந்து சீட்டுகளை வாசித்தால் எதை நம்புவது, எதை மறுப்பது? பொய்யில் நுணுக்கம் இல்லாவிட்டால் அதைப் பிடிக்கும் இன்பமும் இல்லை. எனவே எங்கள் கூட்டத்தில் ஒரு விதி வைத்தோம்: எந்தப் பொருளும் ஐந்து சொற்களுக்குக் குறையக்கூடாது, பதினைந்து சொற்களைத் தாண்டவும் கூடாது. அதோடு, ஒற்றைச் சொல்லால் மட்டுமே விளங்கும் சொல்லை அகராதிக்காரர் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். புனிறு, தோட்டி, பறழ், உல்கு போன்றவை அவ்வகையில் நல்லவை. தோட்டி என்பது யானைப் பாகன் கையில் வைத்திருக்கும் அங்குசம் என்று எழுதினால் அதற்கு உருவமும் வேலையும் வந்துவிடுகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் அகராதி சொல்வதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பார்கள். தமிழில் அப்படிச் செய்தால் மெய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘புனிறு’ என்பதற்கு அகராதியில் ‘ஈன்றணிமை’ என்று இருந்தால், அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் எந்தச் சித்தப்பாவும் சீட்டில் எழுதப்போவதில்லை. வாசித்த கணமே அது அகராதிச் சொல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அகராதிக்காரர் மெய்ப்பொருளை அன்றாட எழுத்துத் தமிழில் தானே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்: ‘கன்று ஈன்ற சில நாட்கள்வரை தாய்ப்பசுவுக்கு இருக்கும் இளந்தளர்ச்சியான நிலை’ என்பது போல. பொருளை மாற்றக்கூடாது; நடையை மாற்றலாம். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். அதிலுள்ள சொற்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவை என்பதால் ஆட்டத்துக்கு அது உதவாது. ஆனால் ஒரு சொல்லை இன்றைய தமிழில் எப்படி வரையறுப்பது என்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. உங்கள் ஒன்பது பேரில் பாதிப் பேர் சரியான விடையை ஊகித்ததற்குச் சொற்களின் எளிமை ஒரு காரணம் என்றால், அகராதி நடை மற்றொரு காரணம் என்பது என் ஐயம்.

அகராதி நடையைப் போலி செய்வது தனிக் கலை. முதல் நாள் ஆடுபவர்கள் கதை எழுதுவார்கள். இரண்டாம் நாள் ‘ஒருவகை’ என்ற சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். லெக்சிகனே ‘மரவகை’, ‘மீன்வகை’, ‘பூடுவகை’ என்று முடித்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம் என்பதால் இது நல்ல மறைவிடம்தான். ஆனால் ஒருவர் அதில் வென்றதும் மற்றவர்களும் அங்கேயே ஒளிந்துகொள்வார்கள். ஒரு சுற்றில் நான்கு மீன்கள் நீந்திய அனுபவம் எங்களுக்கு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் ஒரே ஒரு ‘வகை’தான் எழுதலாம் என்று வரம்பு கட்டிய பிறகே நிலைமை சீரானது. இன்னொரு தந்திரம், பொருளின் பின்னால் ‘நெல்லை வழக்கு’ என்றோ, ‘பிங்கலம்’ என்று ஒரு நிகண்டின் பெயரைச் சொல்லியோ போலி முத்திரை குத்துவது. இதை நான் அனுமதிப்பதில்லை. பொருளைப் பற்றிய பொய் அந்தச் சுற்றோடு போய்விடும். இந்த நூலில் இருக்கிறது, இந்த ஊரில் வழங்குகிறது என்ற பொய் கேட்டவர் மனத்தில் தங்கிவிடும். குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை: சுற்று முடிந்ததும் மெய்ப்பொருளை இரண்டு முறை சொல்லி, சொல்லை எழுதிக் காட்டிவிட வேண்டும். வெற்றி பெற்ற பொய்தான் முதலில் நினைவுக்கு வரும். என் தம்பி மகள் இன்றும் கூரைத் தகட்டைக் கூவல் என்றுதான் சொல்கிறாள், வேண்டுமென்றே.

அகராதியே இந்த ஆட்டத்தில் தோற்ற கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெப்ஸ்டர் பேரகராதியின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல் அடர்த்தி என்னும் பொருளோடு அச்சேறியது. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைப் பெரிய ‘டி’ எழுத்தாலோ சிறிய ‘டி’ எழுத்தாலோ குறிக்கலாம் என்று வேதியியல் பகுதிக்கான ஒரு சீட்டில் எழுதியிருந்ததை, இடையில் இருந்த ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக யாரோ படித்துவிட்டார்கள். 1939-இல்தான் ஒரு பதிப்பாசிரியர் அந்தச் சொல்லுக்கு வேர் விளக்கம் இல்லையே என்று கவனித்துத் தோண்டினார். ஐந்து ஆண்டுகள் யாரும் ஐயப்படவில்லை, ஏனெனில் அது அகராதியின் குரலில் பேசியது.

வட்டாரச் சொற்களைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் மட்டும் இருந்தால் பயனில்லை; எல்லாருக்கும் தெரியும். மருமக்களும் சம்பந்தி வீட்டாரும் பல ஊர்களிலிருந்து வந்திருந்தால் அதைவிடச் சிறந்த சுரங்கம் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பொடக்காலி வீட்டின் பின்புறம் என்பதும், ஒடக்கான் ஓணான் என்பதும் தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையை ஒழுக்கத்தோடு சேர்த்துக் குழம்பாத சென்னைவாசியை நான் பார்த்ததில்லை, அது வீடுகளுக்கு இடையே போகும் குறுகிய தெரு. இங்கே விதி ஒன்று தேவை: சொல் தெரிந்தவர் வாயைத் திறக்காமல் அகராதிக்காரரிடம் சீட்டில் எழுதிக் காட்டிவிட வேண்டும், சரியாக எழுதியிருந்தால் அவருக்கு 3 புள்ளி, அந்தச் சுற்றில் அவர் வாக்களிக்கமாட்டார். இதில் நேர்மையைத் தவிர வேறு காவல் இல்லை. கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிடுவது நேர்மைக்குத் துணையாக இருக்கும்.

பல பொருள் ஒரு சொல்தான் அடிக்கடி தகராறு கிளப்புவது. ‘கடி’ என்ற ஓர் உரிச்சொல்லுக்கு மட்டும் நன்னூல் காப்பு, கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை, திருமணம் என்று பதின்மூன்று பொருள் சொல்கிறது. அப்படிப்பட்ட சொல்லைக் கொடுத்தால் புளுகு எழுதியவரும் தற்செயலாக ஒரு மெய்யில் போய் விழுந்துவிடுவார். விழுமம் இன்னும் வம்பு. சிறப்பு என்றாலும் சரி, துன்பம் என்றாலும் சரி. ஒருமுறை நான் ‘கடும்பு’ என்று கொடுத்துச் சுற்றத்தார் என்ற சங்ககாலப் பொருளை வைத்திருந்தேன். மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், கன்று போட்ட மாட்டின் முதல் பாலைக் காய்ச்சித் திரட்டுவதைத்தானே நாங்கள் கடும்பு என்போம் என்று எழுதியிருந்தார். இரண்டும் மெய். அவருக்குப் புள்ளி கொடுத்துவிட்டுச் சுற்றைக் கலைத்தேன். அகராதிக்காரர் தம் சொல்லுக்கு அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவதே இதற்கு மருந்து. பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதையும் சொல்லும்போதே அறிவித்துவிட வேண்டும்.

கடைசியாக ஆள் கணக்கு. ஒன்பது பேர் தனித்தனியாக எழுதினால் மெய்யோடு சேர்த்து ஒன்பது விளக்கங்களை வாசிக்க வேண்டும். ஆறாவதைக் கேட்கும்போது முதலாவது மறந்துவிடும். மறந்ததற்கு யாரும் வாக்களிப்பதில்லை. உங்கள் ஆட்டம் தொய்ந்ததற்கு இதுவே போதுமான காரணம். மும்மூவராக மூன்று அணி பிரியுங்கள், அகராதி ஓர் அணியிடம் இருக்கட்டும், மற்ற இரண்டு அணிகளும் அணிக்கு இரண்டு புளுகு எழுதட்டும், மெய்யோடு ஐந்தாயிற்று. அணியாக ஆடும்போது எழுதுவதற்கு முன்னால் மூலையில் கூடிக் கிசுகிசுப்பது நடக்கிறது பாருங்கள், ஆட்டத்தின் பாதி இன்பம் அங்கே இருக்கிறது. எழுதக் கூச்சப்படும் தாத்தாவும் அங்கே ஒரு யோசனை சொல்வார். சீட்டுகளை அகராதிக்காரர் ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட்டு, எண்ணிட்டு, ஒரே குரலில் இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறர் கையெழுத்தில் தடுமாறிவிட்டுத் தன் எழுத்தைச் சரளமாக வாசித்தால் எது மெய் என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும். வாசிக்கும்போது சிரித்துவிட்டால் எது புளுகு என்பதும் அப்படியே. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களைச் சேர்க்க வேண்டுமானால் வாட்ஸ்அப் குழுவிலும் ஆடலாம்: புளுகுகள் அகராதிக்காரருக்குத் தனிச்செய்தியாகப் போகட்டும், வாக்கெடுப்பை அவர் குழுவில் போடட்டும். தேடிப் பார்ப்பதை அங்கே தடுக்க முடியாது என்பதால் அதில் மட்டும் புள்ளி கணக்கிடாதீர்கள்.

தொடங்குவதற்குச் சில சொற்கள் தருகிறேன். மேலே பொருள் சொன்னவற்றையெல்லாம் உங்கள் வீட்டில் இந்தப் பதிலைப் படித்த யாரோ ஒருவர் இந்நேரம் குறித்துக்கொண்டிருப்பார், அவை போயிற்று. உல்கு, பறழ் இரண்டுக்கும் நான் வேண்டுமென்றே பொருள் எழுதவில்லை. அவற்றோடு தொறு, ஒக்கல், கலிங்கம், சேக்கை, முரஞ்சல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிங்கத்தைக் கொடுக்கும்போது ஒடிசாவும் அசோகரும் அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் போர்க்களத்திலிருந்து திரும்பி வரமாட்டார்.